முட்டு

திபிலீசியில், சோலொலாகி மேட்டில்,
எங்கள் முற்றத்துக்கு அந்த ஓவியர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மடக்கு நாற்காலி, பலகையில் ஒட்டிய தாள்,
கழுவிய ஊறுகாய்ப் போத்தல் ஒன்று.
தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்றார்.
முற்றத்துக் குழாயைக் காட்டினேன்.
ஒரு காலத்தில் பதினொரு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான்.
இப்போது பூனைகளுக்கு. வந்தால், ஓவியர்களுக்கு.

வணிகன் ஒருவனின் ஒட்டகங்கள் இங்கே இளைப்பாறினவாம்,
வாசலில் யாரோ அடித்துவைத்த தகரப் பலகை சொல்கிறது.
நான் நம்புவதில்லை.
வாசல் அத்தனை குறுகல்:
நஸிப்ரோலாவின் குளிர்சாதனப் பெட்டிக்கே
கதவைக் கழற்ற வேண்டியிருந்தது.

முதல் நாள் அவர் ஒன்றுமே வரையவில்லை.
தாளை நனைத்தார், அவ்வளவுதான்.
நனைத்துவிட்டு, மாடிப்படிக் கண்ணாடிகளின் நீலம் வழியே
வெயில் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
கடன் கொடுத்தவன் வாசலைப் பார்ப்பதுபோல.

மறுநாள் சுவர் வந்தது.
செங்கல் அல்ல,
செங்கல் ஊறிய தண்ணீர்.
திராட்சைக்கொடிக்குப் பச்சையைத் தொட்டு ஈரத்தில் விட்டார்.
அது தானே படர்ந்தது, கொடியைவிட வேகமாக.
மூன்றாம் மாடியில் பியானோ பழகும் பெண்
எப்போதும் ஒரே இடத்தில் இடறுவாள்.
அந்த ஜன்னலுக்கு மட்டும்
பட்டப்பகலில் மஞ்சள் விளக்கு வைத்தார்.

நஸிப்ரோலா மேலிருந்து கத்தினாள்:
"துணிக்கொடியில் என் புருஷனின் பனியன் கிடக்கிறது,
அதைப் போட்டுத் தொலைக்காதீர்கள்!"
போடவில்லை.
படுக்கை விரிப்பை மட்டும் விட்டுவைத்தார்.
விட்டுவைத்தார் என்றால், அங்கே தூரிகையே படவில்லை.
வெறும் தாள்.
"என் விரிப்புக்கு ஒரு சொட்டுச் சாயம் கிடையாதா?"
"அம்மணி, படத்திலேயே நன்றாக வெளுத்த இடம் அதுதான்."
அதைச் சொல்லிச் சொல்லியே
அன்று அவள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள்.

மூன்றாம் நாள் எல்லோரும் கூடிவிட்டோம்.
ஹ்ரிப்ஸிமே மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு
குனிந்து பார்த்தாள்.
"இரும்பு எங்கே?"

நிலநடுக்கத்துக்குப் பிறகு நகராட்சி நட்ட தூண்,
ஒரே ஒரு குளிர்காலத்துக்கு என்று சொல்லி.
என் பால்கனி இன்னமும் அதன் தோளில்தான்.
படத்தில் அது இல்லை.
பால்கனி தன்பாட்டுக்கு நிற்கிறது,
கல்யாணத்துக்குப் புறப்பட்டவள்போல.

சண்டை பிடித்துக்கொண்டது.
இல்லாததே அழகு என்றார்கள் பாதிப் பேர்.
"நாளைக்கு இதையே காட்டி
நன்றாகத்தானே நிற்கிறது என்று கைகழுவிவிடுவான்கள்"
என்றான் கீழ்வீட்டு ஜும்பேர்.
நான் வாயைத் திறக்கவில்லை.
முப்பது வருடமாக அதன்மேல் மெல்ல நடந்து பழகியவள்,
படத்திலாவது குதித்துப் பார்க்கலாம் என்றிருந்தது.

ஓவியர் வாதாடவில்லை.
பழுப்பும் நீலமும் குழைத்து
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.
நிழலுக்காக அப்போதுதான் மறுபடி நனைத்திருந்தார், மறந்துவிட்டார்.
இரும்பு கசிந்தது.
இரு பக்கமும் பருத்தது.
மேலே திராட்சைப் பச்சையைத் தொட்டுக்
கிளை விட்டது.

பியானோ மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

மல்பெரி மரம் நின்ற இடம் அது.
மின்சாரம் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்
ரொட்டி வரிசையிலிருந்து நாங்கள் திரும்பியபோது
மரம் பதினொரு அடுப்புக்கும் பங்கு பிரிந்திருந்தது.
என் பங்கும் வந்தது.
நன்றாகத்தான் எரிந்தது.

வெட்டிய நோதார் குழாயடியில் நின்றிருந்தார்.
"உனக்கு யார் சொன்னது?"
ஓவியருக்குப் புரியவில்லை, அவர் குதாயிசிக்காரர்.
"தண்ணீர் கூடிவிட்டது, மன்னியுங்கள்,
காய்ந்ததும் சரிசெய்துவிடுகிறேன்."
"தொடாதே" என்றார் நோதார்.
படியேறிப் போனார், நடுவில் இரண்டு முறை நின்று.

போத்தலை ஓவியர் சாக்கடையில் கவிழ்த்தார்.
சாம்பல் கலந்த பச்சை
கல்லிடுக்குகளில் ஓடி
இரும்பின் அடியைச் சுற்றிக்கொண்டு போனது.

மழை வரும்போல இருந்தது.
விரிப்பை எடுக்கச் சொல்லி
நஸிப்ரோலாவைக் கூப்பிட்டேன்.